ஓரக்காரர், பக்கம் 43

1

“கதவைப் பூட்டி வெச்சிருக்கறதாலதான் அவங்க எழுந்து போகாம பாடம் கேக்கறாங்களா, அத்தை?”

ஒரு குழந்தை ஒருமுறை கேட்ட கேள்வி இது. இந்தக் கதை பிறந்தது இதில்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு விதமாக ஆரம்பிக்க நான்கு முறை முயன்றேன். நான்கையும் கீழே தருகிறேன்; நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியட்டும்.

வானுயர்ந்த மதில்களுக்குள்ளே ஓர் ஆத்துமா விம்மி—
[வேண்டாம். மதிலுக்குள் நான் போனதேயில்லை. விம்மியதை யார் கேட்டது?]

இறையியல் கல்வி என்பது யாதெனில்—
[தூக்கம் வருகிறது.]

அன்று செவ்வாய்க்கிழமை. மழை—
[பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு ஏன் மழை பெய்துவிடுகிறது?]

அவர் செய்த குற்றம்—
[எழுதத் தொடங்கிய கையை நானே தட்டிவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

கல்லூரி ஆண்டு மலருக்குச் ‘சிறைப் பாடத் திட்டத்தைப் பற்றி உருக்கமாக இரண்டு பக்கம்’ வேண்டும் என்று கேட்டார்கள். உருக்கமாக! மெழுகுவத்தியா நான்? நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். நடந்ததையே உருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்கள். நடந்ததில் உருக்கமான இடங்கள் குறைவு, எரிச்சலான இடங்கள் அதிகம். ஆகவே இது ஆண்டு மலரில் வராது. உங்களுக்காக எழுதுகிறேன்.

2

கேள்வி கேட்ட குழந்தைக்கு அப்போது ஏழு வயது. அத்தை என்று அழைக்கப்பட்டவள் ஓர் இறையியல் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கடிதம் தட்டச்சு செய்வாள், மதிப்பெண் பதிவேட்டை எழுதுவாள், சாவிகளைக் காப்பாற்றுவாள். அவளுடைய அண்ணன் மகள்தான் அந்தக் குழந்தை. பள்ளி விடுமுறையில் அத்தையின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை புத்தகங்களின் அட்டைகளைக் கிழிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம், கிழிப்பதை. கல்லூரி அந்த வருடம் சிறையில் நான்கு ஆண்டு இறையியல் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. சிறைக்குள் ஒரு சின்ன நூலகமும் வைப்பதாக ஏற்பாடு. சிறை வாசலில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. கெட்டி அட்டை கூடாது. பின், கம்பி என்று உலோகம் எதுவும் கூடாது. வெளியாட்களின் பெயரோ முகவரியோ கையால் எழுதிய தாள் கூடாது.

விதிகளில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நன்கொடையாக வரும் புத்தகங்களின் முதல் தாளில்தான் ஊரே பெயர் எழுதி வைத்திருக்கும். அன்புடன் மாமா, ஆசியுடன் சித்தி, இன்னாரின் திருமணப் பரிசு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் எழுதியதை மட்டும் கிழிப்பதற்கு அவளுக்குப் பொறுமையில்லை. ஒரு பெயர் தவறிப்போய் வாசலில் மூட்டை திரும்பி வந்தால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்ற பயமும் இருந்தது. எனவே எல்லாப் புத்தகத்திலும் முதல் தாளைக் கிழித்தாள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வெளியான ஆண்டு எல்லாம் இருப்பது அந்தத் தாளில்தான்.

அறுபத்தோரு புத்தகங்கள். ஒன்றுக்கும் பெயரில்லை.

[முதல் வரைவில் இந்த இடத்தில் ‘வாசல் காவலர் கிழித்தார்’ என்று எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. காவலர்மேல் பழி போட்டால் யாருக்கும் வருத்தமில்லை, அவருக்கும் பழகியிருக்கும். ஆனால் அவர் கிழிக்கவில்லை.]

கிழித்த தாள்களை அவள் எறியவில்லை. கடவுள் பெயர் அச்சடித்த தாளைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு கோப்பில் வைத்து மேசையின் அடி இழுப்பறையில் பூட்டினாள். பக்தி என்று நினைத்துக்கொண்டாள். கிழிக்கும்போது அந்தப் பக்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

குழந்தை அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அத்தை “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

3

இனி வகுப்பறை. நான் உள்ளே போனதில்லை என்று சொன்னேன். ஆகவே இந்தப் பகுதி பாதி கேள்விப்பட்டது, பாதி என் கைச்சரக்கு.

அங்கே பாடம் நடத்தியவர் ஆய்வு முறை ஆசிரியர். எந்தக் கருத்தை எந்த நூலிலிருந்து எடுத்தோம் என்பதைப் பக்கத்தின் அடியில் எழுத வேண்டும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கு அடிக்குறிப்பு ஐயா என்றே பெயர் வந்துவிட்டது. ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவரைக் கொடுமைக்காரராக எழுதிவிட எனக்கு ஆசை வந்தது. கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே. ஆனால் சிறைக்குள் பென்சில் சீவும் பிளேடு அனுமதியில்லை என்பதால், ஒவ்வொரு திங்கள் மாலையும் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து இருபத்திரண்டு பென்சில்களைக் கையால் சீவி, முனை உடையாமல் துணியில் சுற்றி எடுத்துப்போவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எப்படி அவரைக் கெட்டவராக்குவது? பெரிய தொல்லை. மனிதர்களை அருகில் போய்ப் பார்த்தால் கதை கெட்டுவிடுகிறது.

நான்காம் ஆண்டின் கடைசிக் கட்டுரையை அவர் திருப்பிக் கொடுத்த நாள். தலைப்பு: ஒப்புரவு, அதாவது முறிந்த உறவைச் சரிசெய்வது. நீளமான மேசை, இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டைகள். தையல் பிரிவில் வேலை செய்யும் மாணவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் தையல் என்பார்கள். அந்த அறையிலிருந்த சட்டைகளில் பாதி அவர் தைத்தவை.

“யாருப்பா இந்த ஓரக்காரர்?” என்றார் ஐயா.

“பேர் தெரியாதுங்க ஐயா. புத்தகத்து ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தாரு. நாங்களா அப்படிக் கூப்பிடறோம்.”

“எந்தப் புத்தகம்?”

“நீலப் புத்தகங்க.”

“நீலம்ங்கறது பேரா?”

“அட்டை இல்லீங்க ஐயா. முதுகுல கொஞ்சம் நீலம் ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

“எழுதினவர் யாரு?”

“அந்தத் தாளும் இல்லீங்க.”

“அப்போ உனக்கு என்னதான் தெரியும்?”

“உள்ள இருக்கறது தெரியும்ங்க ஐயா.”

மேசையின் கோடியிலிருந்து ஒரு குரல்: “நம்மளயும் அப்படித்தானே ஐயா உள்ள விட்டாங்க, அட்டையக் கிழிச்சிட்டு.” எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

“ஓரத்துல யார் வேணா எழுதலாம். நீயே எழுதிட்டு நீயே மேற்கோள் காட்டலாம். பென்சில் கொடுத்தது நான்தானே.”

சிரிப்பு நின்றது. தையல் எழுந்து நின்றார். “நான் பண்ணினது நிறைய இருக்குங்க ஐயா. எல்லாத்தையும் கோர்ட்ல ஒத்துக்கிட்டேன். இதைப் பண்ணலைங்க.”

“அந்தப் புத்தகத்தக் கொண்டா பார்ப்போம்.”

நூலக அறை வேறு கட்டடத்தில். புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துவர முன்தினமே எழுதி வாங்க வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டது; அடுத்த வாரம் விடுமுறை, வகுப்பு இல்லை.

4

நிற்க. தையல் என்ன குற்றம் செய்தார் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் ‘அதுக்கா இவ்வளவு வருஷம்’ என்பீர்கள், மீதிப்பேர் ‘அவனுக்கு எதுக்குப் படிப்பு’ என்பீர்கள். இரண்டு கூட்டமும் கட்டுரையைப் படிக்காது. நீங்கள் செய்ததை முதலில் எழுதி அனுப்புங்கள், அவர் செய்ததை நான் எழுதுகிறேன். [கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கே என்மேல் இருக்கும் எரிச்சல் சில சமயம் வாசகர் பக்கம் வழிந்துவிடுகிறது.]

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தை மட்டும் தருகிறேன்.

“மனந்திரும்புதலுக்கு ஏழு படிகள் உண்டு என்று நீலப் புத்தகம் பக்கம் 43 விளக்குகிறது. அதே பக்கத்தில் ஓரக்காரர் எழுதுகிறார்: ‘ஏழு படி எதற்கு? போய்க் கேட்டுவிட்டால் முடிந்தது.’ ஓரக்காரரை நான் நம்புகிறேன். அவர் பக்கம் 12இல் ‘தூக்கம் வருகிறது’ என்றும், பக்கம் 77இல் ‘மறுபடியும் தூக்கம்’ என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே அவர் பொய் சொல்லாதவர். அவர் சொன்னபடி நானும், தீங்கு செய்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். போக முடியாததால் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் பதில் வரும் என்று ஓரக்காரர் எழுதவில்லை. கேட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் எழுதியிருக்கிறார். என் பங்கு முடிந்தது என்று நான் நினைக்கலாமா என்பதை ஐயாதான் சொல்ல வேண்டும்.”

இந்தக் கேள்விக்கு நேராக, சிவப்பு மையில், ஐயா எழுதியிருந்தது: நூல்? ஆசிரியர்? ஆண்டு? கற்பனை ஆதாரம். மதிப்பெண் 0.

ஒரு மனிதன் வாழ்க்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து இது சரியா என்று கேட்கிறான். அதற்குப் பதில்: பதிப்பகம் எது. நான் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு, துவைக்க வேண்டிய துணியெல்லாம் துவைத்துவிட்டு வந்தேன்.

விதி இது: இல்லாத ஆதாரத்தைக் காட்டினால் பூஜ்யம், கடைசிக் கட்டுரையில் பூஜ்யம் என்றால் சான்றிதழ் இல்லை, அடுத்த ஆண்டு திரும்ப எழுதலாம். ஆனால் தையலுக்கு அடுத்த ஆண்டு இல்லை. பன்னிரண்டு நாளில் அவரை வேறொரு சிறைக்கு மாற்றுவதாக உத்தரவு வந்திருந்தது. அங்கே இந்தப் படிப்பு கிடையாது. நான்கு வருடமும் வீண். அதோடு பொய்யன் என்ற பெயரும் கூடவே போகும்.

5

விடைத்தாள்கள் பதிவேட்டில் ஏற்றுவதற்காக அந்தச் சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்தன. அவள் மூன்றாம் பக்கத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

‘தூக்கம் வருகிறது’ என்ற அந்தப் பென்சில் வரியை அவள் பார்த்திருக்கிறாள். அட்டை கிழித்த அன்றே பார்த்துச் சிரித்திருக்கிறாள். யார் எழுதியது என்பது பிறகுதான் புரிந்தது.

கதையின் முடிச்சு இதுதான், சுற்றி வளைக்காமல் அவிழ்க்கிறேன். அந்த வாரம் அலுவலகக் கதவோரம் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்று, சிறைக்குப் போக வேண்டிய நன்கொடைகளின் கடைசிப் பெட்டி. இன்னொன்று அடிக்குறிப்பு ஐயா தன் மாணவப் பருவத்துப் புத்தகங்களைப் புதிதாக பைண்டிங் செய்யச் சொல்லிக் கொடுத்த பெட்டி. ‘பத்திரம்மா, என் இருபத்தோரு வயசு இதுக்குள்ள இருக்கு’ என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் பெட்டியை மாற்றிவிட்டாள். ஐயாவின் இருபத்தோரு வயது அட்டை கிழிந்து சிறைக்குப் போயிற்று. பழைய நன்கொடைத் துண்டுப் பிரசுரங்கள் பைண்டரிடம் போய், தங்க எழுத்துப் பதித்த கெட்டி அட்டையோடு ராஜாக்கள் மாதிரித் திரும்பி வந்தன. அவற்றைக் கீழ் அலமாரியில், விளக்குமாற்றுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

ஐயா மாதம் ஒருமுறை கேட்பார்: “பைண்டர் என்னம்மா சொல்றாரு?”

முதல் தடவை அவள் வாயில் வந்தது: “அவருக்கு உடம்பு சரியில்லைங்க ஐயா.”

அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் ஐயா எழுந்து, நம்முடைய பைண்டர் சகோதரர் சுகவீனமாயிருக்கிறார், அவருக்காக மன்றாடுவோம் என்றார். அதிலிருந்து மூன்றரை வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் மொத்தக் கல்லூரியும் பைண்டருக்காக மன்றாடிக்கொண்டிருந்தது. பைண்டரோ குத்துக்கல் மாதிரி இருந்தார். மாதா மாதம் முடித்த வேலையைக் கொடுக்க வருவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய்ப் பின்வாசலில் வாங்கிக்கொள்வாள். “ஏம்மா, முன்வாசல்ல வந்தா என்ன? காலேஜ்ல என்னைப் பார்க்கறவங்க எல்லாரும் ‘இப்போ எப்படி இருக்கு’ன்னு கைய புடிச்சிக்கறாங்க. நல்ல ஜனங்கம்மா” என்பார்.

ஐயா பெட்டியைப் பற்றி ஆரம்பித்தால் அவளுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். எழுந்து போய்விடுவாள். கதவு திறந்துதானே இருக்கிறது.

6

இப்போது அவள் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: ‘ஓரக்காரர் உண்மை’ என்று ஒரு மொட்டைக் கடிதம். [எழுதிப் பார்த்தேன். கையெழுத்தை இடதுபக்கம் சாய்த்துக்கூட எழுதினேன். ஐயா அதையும் ‘ஆதாரம் எங்கே’ என்று சிவப்பு மையால் சுழித்திருப்பார்.]

இரண்டு: பதிவேட்டில் பூஜ்யத்தை அவளே மாற்றிவிடுவது. [சான்றிதழ் கிடைக்கும். தையல் பொய்யர் என்பது மாறாது. இன்னொரு பொய்யர் கூடுவார், அவ்வளவே.]

மூன்று: ஜெபம். [செய்தாள். பதிலாக அவளுக்கு நினைவு வந்தது பக்கம் 43 மட்டும்.]

நான்கு: தண்ணீர் குடிக்கப் போவது. [இதைத்தான் முதல் ஐந்து நாளும் செய்தாள். பன்னிரண்டில் ஐந்து போயிற்று.]

இவளை எழுத எழுத எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாக ‘சின்னத் தப்பையும் உடனே ஒத்துக்கணும் பிள்ளைங்களா’ என்று பாடம் நடத்துகிறவள் இவள். சிறையில் இருக்கும் மனிதர் ஒரு பென்சில் வரியை நம்பி, கேட்க முடியாத இடத்தில் கேட்டுவிட்டார். இவளுக்கும் அந்த ஐயாவின் அறைக்கும் நடுவில் பதினாறு அடி. இவளுக்கு என்ன கேடு?

என்ன கேடு என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நீங்களும் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். இவ்வளவு கோபமாக ஒருத்தியை யாரும் வெளியிலிருந்து எழுத முடியாது. இனி ‘அவள்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ‘நான்’ என்று எழுதத் தைரியம் போதவில்லை. கொஞ்சநேரம் அவளாகவே இருக்கட்டும்.

7

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் ஐயாவின் அறைக்குப் போனாள். போவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள், பிறகு அந்தச் சாக்கு இல்லாமலிருக்க. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“ஐயா, உங்க பெட்டி.”

“பைண்டர் குணமாயிட்டாரா?”

“அவருக்கு ஒண்ணுமே இல்லீங்க ஐயா. எப்பவுமே இருந்ததில்ல.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “மூணரை வருஷமா ஜெபம் பண்ணினோமேம்மா.”

“அதனாலதான் அவ்வளவு நல்லா இருக்காரோ என்னவோ.”

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, பயத்தில் வாய் அதுவாகப் பேசியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி மாறியது, அட்டை, முதல் தாள்கள், விளக்குமாற்றுக்குப் பின்னால் தங்க எழுத்து. கிழித்த தாள்களை வைத்திருப்பதை மட்டும் சொல்ல மறந்துபோனாள். [மறந்தது உண்மை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.]

ஐயாவின் முகம் சிவந்தது. “என் புத்தகத்தக் கிழிச்சியா?”

“கிழிச்சேன் ஐயா.”

“எனக்கு அந்தப் புத்தகங்க எப்படின்னு தெரியுமா உனக்கு? ஆஸ்டல்ல சாப்பாட்ட விட்டுட்டு… ஒரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க ஐயா. ஓரக்காரரப் பத்திச் சொல்லணும். அவர் பொய் இல்ல. அது நீங்க.”

“எது நான்?”

“ஏழு படி எதுக்கு, போய்க் கேட்டுவிட்டால் முடிந்தது. நீங்க எழுதினது.”

“நானா? அப்படி ஆதாரமில்லாம ஒரு வரி என் வாழ்நாள்ல நான் எழுதினதில்ல.”

“பன்னிரண்டாம் பக்கத்துல தூக்கம் வருகிறதுன்னு இருக்கு ஐயா. எழுபத்தேழுல மறுபடியும். ‘த’வுக்கு வால் நீளமா இழுப்பீங்க. உங்க குறிப்பெல்லாம் பத்து வருஷமா தட்டச்சு பண்றேன், எனக்குத் தெரியாதா?”

அவள் விடைத்தாளை மேசைமேல் வைத்தாள். ஐயா அதை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தார். இந்தத் தடவை அடியில் பார்க்கவில்லை. மேலிருந்து படித்தார். ‘ஐயாதான் சொல்ல வேண்டும்’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது, அதற்கு நேரே இருந்த தன்னுடைய சிவப்பு மைக்கு மேல்.

“இவன் கேட்டிருக்கானேம்மா,” என்றார் மெதுவாக. “நான் பதிப்பகத்தக் கேட்டிருக்கேன்.”

[இங்கே அவர் அழுதார் என்று எழுதினால் ஆண்டு மலரில் போட்டுவிடுவார்கள். அவர் அழவில்லை. அலமாரியைத் திறந்து, தேவையில்லாமல் ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். முனை உடைந்தது. மறுபடி சீவினார்.]

“செவ்வாய்க்கிழமை வகுப்புல சொல்லிடறீங்களா ஐயா?”

“செவ்வாய் வரைக்கும் எதுக்கு?” என்றார். “போய்க் கேட்டுவிட்டால் முடிந்தது.”

8

அன்று வியாழன். வியாழனில் வகுப்பு கிடையாது. அனுமதிச் சீட்டும் கிடையாது. ஐயா வாசலில் போய் நின்றார். அடுத்த செவ்வாய் வாங்க என்றாராம் காவலர். காத்திருக்கிறேன் என்றாராம் ஐயா. எதற்கு என்றதற்கு, “உள்ள ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்” என்றாராம். காவலர் தன் வேலைக்காலத்தில் அப்படியொரு காரணத்தைப் பதிவு நோட்டில் எழுதியதில்லையாம். பார்வையாளர் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேலதிகாரியைக் கேட்கப் போனவர், வர மூன்று மணிநேரம் ஆயிற்று. நடுவில் அந்தக் காவலரே வெயிலுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

[நல்லவேளை, அட்டை கிழித்தது இவர் என்று எழுதியதை அடித்தேன்.]

உள்ளே ஐயாவும் தையலும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் தையல் என்னைப்போலவே பேசினார், எனவே மூன்றையும் கிழித்தேன். கிழிப்பதில் எனக்குப் பழக்கமுண்டு.

திரும்பி வந்த ஐயா பதிவேட்டைக் கேட்டார். பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. அதை எழுதியவரும் அவர்தான். சிறிதுநேரம் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்கு முன்னால் ஒரு 7 போட்டார். பக்கத்தில் கையெழுத்திட்டு, கீழே ஓர் அடிக்குறிப்பு எழுதினார்: ‘திருத்துபவரின் பிழை.’

“எழுபதுதானா ஐயா?”

“பின்ன? ஆசிரியர் பேரு, ஆண்டு எல்லாம் இல்லியே,” என்றார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சான்றிதழ் திங்கட்கிழமை போயிற்று. மாற்றலுக்கு மூன்று நாள் மீதமிருந்தது. தையல் ஒரே ஒரு புத்தகத்தைத் தன்னோடு எடுத்துப்போக அனுமதி கேட்டாராம். எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஐயா கொடுத்துவிட்டார்.

“ஓரக்காரர் நீங்கதான்னு சொன்னீங்களா ஐயா?”

“இல்லம்மா. நிஜமாவே எழுதியிருந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு, நான் சொன்னது தப்புன்னேன். யாருன்னு அவனும் கேக்கல.” கதவு வரை போனவர் திரும்பினார். “அவன் நம்பற அந்த ஆளு ரொம்ப நல்லவன்மா. நான் போய் அவன்தான் நான்னு எப்படிச் சொல்றது?”

என்னைப் பற்றி அவர் என்ன முடிவு செய்தார் என்கிறீர்களா? மற்றப் புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பைண்டருக்குப் பதில் ‘நம் அலுவலகத்தில் பாரம் சுமந்த ஒரு சகோதரிக்காக’ என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் இருப்பது நான் ஒருத்திதானே. இதற்குத் திட்டியிருக்கலாம்.

9

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அறுபத்தோரு தாள்கள்.

தையல் போவதற்கு முன் நூலகத்துக்கு எழுதிவைத்த பட்டியலை ஐயா கொண்டுவந்து கொடுத்தார். பெயரில்லாத புத்தகங்களுக்கு வேறெப்படிப் பட்டியல் போடுவது? அவர் இப்படிப் போட்டிருந்தார்: “17. பழுப்பு. 188 பக்கம். முதல் வரி: ‘கிணற்றடியில் ஒரு பெண் காத்திருந்தாள்.’ நல்ல புத்தகம்.” “23. தடிமன். 402 பக்கம். முதல் வரி நாலு வரி நீளம். பாதிக்கு மேல் பொறுமை வேண்டும்.” “31. நீலம். 160 பக்கம். ஓரக்காரர் உண்டு.”

கல்லூரி விடுமுறை நாளொன்றின் முற்பகலில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கட்டடத்தில் வேறு யாருமில்லை. அடி இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்தாள். ஒரு தாளை எடுப்பது, அதே நூலின் இன்னொரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் தேடுவது, முதல் வரியைத் தையலின் பட்டியலோடு ஒப்பிடுவது, தாளின் மூலையில் பென்சிலால் எண்ணைக் குறிப்பது. பெயர் எழுதிய இடங்களை அளவாக வெட்டி எடுப்பது. அன்புடன் மாமாவும் ஆசியுடன் சித்தியும் மட்டும் வெளியே, நூலின் பெயர் உள்ளே. மூன்றரை வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. பொறுமை இருந்திருந்தால் ஒரு பகல் ஆகியிருக்கும். இப்போதும் ஒரு பகல்தான் ஆகிறது. உறையின்மேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. அங்கே தையல் பிரிவில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஊசி நூலால் கோத்துக்கொள்வார்கள்.

அறுபது முடிந்தது. முப்பத்தொன்று மேசைமேல் கிடக்கிறது.

அந்த நூலின் பெயர், எழுதியவர் பெயர், ஆண்டு எல்லாம் அச்சில் இருக்கின்றன. அதற்கு மேலே, ‘த’வுக்கு நீளமாக வால் இழுத்த கையெழுத்தில், இருபத்தோரு வயது மாணவர் ஒருவரின் பெயரும் ஆஸ்டல் அறை எண்ணும். இது போக வேண்டியது புதுச் சிறைக்கு, தையலுக்கு. வெட்டினால் அவருக்கு நூலின் பெயர் கிடைக்கும், ஓரக்காரர் ஓரக்காரராகவே இருப்பார். வெட்டாமல் அனுப்பினால், வாசலில் யாராவது முக்காலி போடுகிற மனசுள்ளவர் கண்டும் காணாமல் விட்டால், ஒரு மாலை அவர் அந்தப் பெயரைப் படிப்பார். தெரிந்துகொள்வது அவருக்கு நல்லதா, தெரியாமலிருப்பது நல்லதா? ஐயா மறைத்ததை வெளியே சொல்ல இவள் யார்? மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று என்று தெரிந்தும் வெட்ட இவள் யார்?

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதையே அவள் செய்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் இதோ, உறை இதோ.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினொரு வயதாகப்போகிறது. கேட்டதை மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. பூட்டியிருந்ததால் அவர்கள் உட்கார்ந்து கேட்டார்களா என்பது இன்றும் எனக்குத் தெரியாது, கண்ணே. திறந்திருந்ததால் நான் எழுந்து எழுந்து போனேன் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே, வாசகரே, நீங்கள் கொஞ்சம் வெளியே போக வேண்டும். இவ்வளவு நேரம் கூட இருந்தீர்கள், நன்றி. மீதியை யாரும் பார்க்க வேண்டாம். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போங்கள். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து நானே போட்டுக்கொள்கிறேன்.